பத்து வாசல் ஏறி இறங்கும் பனியன்: தமிழ்நாட்டுத் தொழிலின் பலமும் பலவீனமும்

திருப்பூரில் ஒரு பனியன் ஒரே கூரைக்குக் கீழே உருவாவது அபூர்வம். கோன் நூல் முதலில் நிட்டிங் பட்டறைக்குப் போகும். அங்கே வட்ட மெஷினிலிருந்து துணி உருளையாக இறங்கும். அந்த உருளைகள் மினி ஆட்டோவில் ஏறிச் சாயப்பட்டறைக்குப் போய், சாயம் ஏறி, துணி பின்னால் சுருங்காமல் இறுக்கும் காம்பாக்டிங் முடிந்து, அப்புறம்தான் கட்டிங் மாஸ்டரின் மேசைக்கு வரும். வெட்டிய துண்டுகள் பிரிண்டிங்குக்கு ஒரு தெரு, எம்பிராய்டரிக்கு இன்னொரு தெரு என்று போய்த் திரும்பும். ஓவர்லாக், பேட்லாக், காஜா பட்டன், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று அதற்கப்புறமும் வேலை நீளும். ஒவ்வொரு வாசலிலும் கிலோவுக்கு இவ்வளவு, பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. இதில் பாதி வாசல்களுக்குப் பெயர்ப்பலகைகூட இருக்காது. வீட்டின் முன்பக்கம் குடும்பம் குடியிருக்கும், பின்பக்கம் மெஷின் ஓடும்.

இந்த மினி ஆட்டோவின் பின்னால் ஒரு நாள் சுற்றி வந்தால் தமிழ்நாட்டின் பொருளாதாரம் பாதி புரிந்துவிடும். நாட்டிலேயே அதிகத் தொழிற்சாலைகள் உள்ள மாநிலம் இது. ஆண்டுதோறும் வரும் தொழில் கணக்கெடுப்பின்படி இங்கே பதிவான தொழிற்சாலைகள் ஏறத்தாழ 40 ஆயிரம். இந்தியாவின் மொத்தத்தில் நூற்றுக்குப் பதினைந்துக்கும் சற்று மேல். ஆலைத் தொழிலாளர் எண்ணிக்கையிலும் முதலிடம் நமக்குத்தான். நாட்டில் தொழிற்சாலை வேலைக்குப் போகும் பெண்கள் பத்துப் பேரில் நான்கு பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். இந்தக் கணக்குகளில் என்னை அதிகம் நிறுத்தி யோசிக்க வைப்பது இந்தக் கடைசிக் கணக்குதான்.

ஆனால் போட்ட மூலதனத்தையும் வெளிவரும் சரக்கின் மதிப்பையும் எடுத்துக்கொண்டால் குஜராத் முன்னால் போய்விடுகிறது. ஜாம்நகர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை மாதிரி ஒன்றில் கொட்டிய முதலுக்கு ஆயிரக்கணக்கான பனியன் கம்பெனிகளைத் திறக்கலாம். அங்கே முதல் பெரிது, ஆள் குறைவு. இங்கே ஆள் அதிகம், தலைக்கு விழும் முதல் குறைவு. தமிழ்நாட்டுத் தொழிலின் பலமும் பலவீனமும் இந்த ஒரே இடத்தில் இருக்கின்றன. நிறையக் கைகளுக்கு வேலை கிடைக்கிறது. ஆனால் ஒவ்வொரு கையிலும் தங்குவது கொஞ்சம்தான். எங்கே எவ்வளவு தங்குகிறது என்று பார்ப்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தொழில் ஏன் சென்னையோடு நிற்காமல் இத்தனை ஊர்களுக்குப் பரவியது? நீலகிரியிலிருந்து தொடங்க வேண்டும். 1932இல் பைக்காரா நீர்மின் திட்டத்திலிருந்து மின்சாரம் கோவைக்கு இறங்கியது. கோவையில் 1888இலேயே ஸ்டேன்ஸ் மில் வந்திருந்தாலும், ஊர் முழுக்க மில் முளைத்தது இந்த மலிவான மின்சாரத்துக்குப் பிறகுதான். கரிசல் நிலத்தில் பருத்தி விளைந்தது. கொங்குக் கிணறுகளோ ஆழமானவை, மாடு கட்டிக் கவலை ஓட்டி இறைத்து மாளாது. மின்சாரம் வந்ததும் மோட்டாருக்குத் தேவை பிறந்தது. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் கோவையிலேயே மோட்டாரைச் செய்துகாட்டினார்கள். மோட்டாருக்குப் பம்ப் வேண்டும், பம்புக்கு வார்ப்பு வேண்டும். வார்ப்புக்குப் பவுண்டரியும், பவுண்டரியிலிருந்து வந்ததைக் கடைவதற்கு லேத்தும் வந்தன. லேத்து ஓட்டக் கற்றவன் பத்து வருஷத்தில் சொந்தமாக ஒரு லேத்து போட்டான். 1955இல் சபாபதி என்பவர் வெட் கிரைண்டரைக் கண்டுபிடித்ததும் இதே பட்டறை மண்ணில்தான். விவசாயத் தேவை ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிறந்த தொழில் இது. எந்த அரசுத் திட்டமும் இதை முழுசாக வரைந்து கொடுக்கவில்லை.

சிவகாசியின் கதை வேறு. மழை பொய்த்த கரிசல் பூமியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்ததால் அச்சகம் வந்தது; கூடவே பட்டாசும். மழை இல்லாத வறண்ட காற்றே இந்தத் தொழில்களுக்கு மூலதனமானது.

திட்டமிட்டு வந்த பகுதியும் உண்டு. காமராஜர் முதல்வராகவும் ஆர். வெங்கட்ராமன் தொழில் அமைச்சராகவும் இருந்தபோது கிண்டித் தொழிற்பேட்டை வந்தது. பிறகு அம்பத்தூர். மத்திய அரசின் பங்காகப் பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை, நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி, திருச்சியில் பாய்லர் செய்யும் பெல். திருச்சி பெல் வந்த பிறகு திருவெறும்பூரைச் சுற்றிப் பாய்லர் பாகம் செய்யும் சின்னப் பட்டறைகள் எத்தனை கிளம்பின என்பது அந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். 1971இல் தொழில் வளாகங்கள் அமைக்கும் அரசுக் கழகமான சிப்காட் வந்தது. இராணிப்பேட்டை, ஓசூர் என்று தரிசு நிலங்களில் தொழில் வளாகங்கள் எழுந்தன.

ஓசூரில் கொஞ்சம் நிற்கலாம். 1984இல் டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து கைக்கடிகாரக் கம்பெனி ஒன்றைத் தொடங்கின. அதுதான் டைட்டன். பள்ளிக்கூடம் முடித்த கிராமத்துப் பிள்ளைகளை எடுத்து, பழக்கி, பூதக்கண்ணாடி கொடுத்து மேசையில் உட்கார வைத்தார்கள். டிட்கோவிடம் இன்றும் அந்தக் கம்பெனியில் 27.88 சதவீதப் பங்கு இருக்கிறது. டாடா குழுமத்தின் பங்கைவிடச் சற்று அதிகம். டிவிடெண்டாகவே சமீப ஆண்டுகளில் வருஷத்துக்கு இருநூறு கோடிக்கு மேல் வருகிறது. நாற்பது வருஷத்துக்கு முன்னால் மக்கள் பணத்தில் போட்ட விதை இன்னும் காய்க்கிறது.

இதன் பக்கத்தில் ஹூண்டாயை வைத்துப் பார்க்கலாம். 1996இல் இருங்காட்டுக்கோட்டையில் அடிக்கல், 1998இல் முதல் சான்ட்ரோ. அந்த ஆலை தமிழ்நாட்டுக்குச் செய்த நன்மையைக் குறைத்துச் சொல்ல முடியாது. கொரியாவிலிருந்து அதனோடு உதிரிபாகக் கம்பெனிகள் வந்தன. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், மறைமலைநகர் என்று வாகனத் தொழில் ஒரு பெரிய வளையமாகவே படர்ந்தது. ஆனால் 2024 அக்டோபரில் ஹூண்டாய் இந்தியா பங்குச்சந்தைக்கு வந்தபோது திரண்ட 27,870 கோடி ரூபாய் முழுவதும் கொரியத் தாய்க் கம்பெனிக்குத்தான் போனது, ஏனென்றால் விற்கப்பட்டவை அதன் கையிலிருந்த பங்குகள். சட்டப்படி அதில் தவறு ஒன்றுமில்லை. பங்கு யாரிடம் இருக்கிறதோ பலனும் அவரிடம். ஓசூரில் அரசு பங்காளியாக இருந்தது. இருங்காட்டுக்கோட்டையில் நிலம், மின்சாரம், வரிச்சலுகை கொடுத்தவராக இருந்தது. தொண்ணூறுகளுக்குப் பிறகு நாம் பெரும்பாலும் எடுத்தது இரண்டாவது வழியைத்தான்.

அந்த வழியின் ஆபத்தை நோக்கியா காட்டியது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கி, உலகின் பெரிய செல்போன் ஆலைகளில் ஒன்றாகி, 2014 நவம்பரில் மூடப்பட்டது. ஒருபக்கம் வரி வழக்கு, இன்னொருபக்கம் ஸ்மார்ட்போன் வந்து நோக்கியாவின் சந்தையே சரிந்தது. ஆயிரக்கணக்கான இளம்பெண்கள், பலர் தங்கள் குடும்பத்தில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கியவர்கள், ஒரே வருஷத்தில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அதே வளாகம் பிறகு சால்காம்ப் என்ற சார்ஜர் கம்பெனியின் கைக்குப் போய் மறுபடி உயிர் பெற்றது. ஆலை போனாலும் கட்டடமும் சாலையும் பழகிய ஆட்களும் மிச்சம் இருந்தார்கள். ஐபோன் வேலை இந்தப் பக்கம் வந்ததற்கு அந்த மிச்சமும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

2024-25இல் தமிழ்நாட்டின் மின்னணு ஏற்றுமதி 14.65 பில்லியன் டாலர். நாட்டின் மொத்த மின்னணு ஏற்றுமதியில் 41 சதவீதம். இரண்டே வருஷத்துக்கு முன்னால் இது 5.37 பில்லியனாக இருந்தது. அதே ஆண்டில் மாநிலத்தின் வளர்ச்சி 11.19 சதவீதம் என்று கணக்கு வந்ததும் பேச்சு முழுக்க அந்த எண்ணாகவே இருந்தது. பெருமைப்பட வேண்டிய எண்தான். ஆனால் போனுக்குள் இருக்கும் சிப்பும் திரையும் கேமராவும் பெரும்பாலும் வெளியிலிருந்து வருகின்றன. பெட்டிக்குள் போகும்போது போனின் முழு விலையும் நம் ஏற்றுமதிக் கணக்கில் ஏறுகிறது. இங்கே தங்குவது போனைப் பூட்டிச் சேர்க்கும் கூலியும், கொஞ்சம் பாகங்களும். 2025 மார்ச்சில் மத்திய அரசு உதிரிபாகங்களுக்கென்று 22,919 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது. அடுத்த மாதமே தமிழ்நாடு அதற்கு ஈடாகத் தன் பங்கையும் தருவதாகத் தனித் திட்டம் கொண்டுவந்தது. வேண்டிய திசை இதுதான்.

பனியனுக்கும் இதே கேள்விதான். நாட்டின் நூற்பாலைத் திறனில் பாதியை நெருங்கும் பங்கு தமிழ்நாட்டில் இருக்கிறது. ஆனால் ஆலைகளுக்கு வேண்டிய பஞ்சு வருஷத்துக்கு நூறு லட்சம் பேலுக்கு (பொதிக்கு) மேல். இங்கே விளைவதோ சில லட்சம். மிச்சம் குஜராத், மகாராஷ்டிரம், தெலங்கானாவிலிருந்து லாரியில் வருகிறது. பஞ்சின் விலையை வேறொருவர் முடிவு செய்கிறார், பனியனின் விலையை நியூயார்க்கிலோ ஜெர்மனியிலோ இருக்கும் பையர் முடிவு செய்கிறார். நடுவில் இருக்கும் திருப்பூர் குறைக்க முடிந்தது சின்னப் பட்டறைகளுக்குத் தரும் ஜாப் ஒர்க் கூலியை மட்டும்தான். எண்பதுகளின் நடுவில் இருபது கோடியைத் தொடாத ஏற்றுமதி இன்று ஆண்டுக்கு 40 ஆயிரம் கோடியைச் சுற்றி நிற்கிறது என்றால் அது அந்த ஊரின் அசாத்திய உழைப்பு. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது அந்த உழைப்பு எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதும் தெரிந்தது. ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தது. பையர் தள்ளுபடி கேட்டார், ஏற்றுமதிக்காரர் கூலியில் கை வைத்தார், ஒன்றரை ஷிப்ட் ஓடிய பட்டறை ஒரு ஷிப்டுக்கு வந்தது. சனிக்கிழமைச் சம்பளத்தில்தான் அது கடைசியாகத் தெரிந்தது.

சின்னப் பட்டறையின் கணக்கைப் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் இதன் வலி தெரியும். கோவையில் எனக்குத் தெரிந்த ஒருவர் இரண்டு லேத்து, ஒரு டிரில்லிங் மெஷின், இரண்டு ஆட்களோடு பம்ப் பாகம் கடைகிறார். பொருள் அவருடையது இல்லை, வேலை மட்டும் அவருடையது. டீயை நீட்டிக்கொண்டே சொன்னார்: "பில்லு போட்டுத் தொண்ணூறு நாளாச்சுங்க. போன் பண்ணிக் கேட்டா அடுத்த வேலை பக்கத்துப் பட்டறைக்குப் போயிரும்ங்க. சொசைட்டில நகைய வெச்சுத்தான் கரண்ட் பில்லு கட்டினனுங்க." மேசையில் இருந்த நோட்டில் தேதியும் தொகையும் பென்சிலில் எழுதி, வந்து சேர்ந்ததை மட்டும் பேனாவால் அடித்திருந்தார். அடிக்காத வரிகளே அதிகம்.

சட்டம் அவர் பக்கம்தான் இருக்கிறது. குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. அது ஏட்டில் இருந்ததால், 2023இல் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். காலத்தில் பணம் தராவிட்டால், வாங்கியவர் அதை அந்த வருஷச் செலவாகக் காட்டி வரியைக் குறைக்க முடியாது. நல்ல கடிவாளம். ஆனால் சிறு நிறுவனங்களுக்கான உத்யம் என்ற அரசுப் பதிவு இல்லாதவருக்கு வேலை கொடுத்தால் இந்தக் கடிவாளம் இழுக்காது என்பதும் வாங்குகிறவருக்குத் தெரியும். கேட்டால் வேலை போய்விடும் என்ற பயம் இருக்கும்வரை எந்தப் பிரிவும் முழுசாக வேலை செய்யாது. இதன் மேல் 2022 செப்டம்பரில் மின்கட்டணம் ஏறியது. மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டிய நிலைக்கட்டணம் சின்னப் பட்டறைகளை நேராக அடித்தது. 2008இலிருந்து நாலைந்து வருஷம் மின்வெட்டில் துவண்ட ஊருக்கு, மின்சாரம் வந்த பிறகு அதன் விலையே சுமையாகிவிட்டது.

இனி தண்ணீர். நொய்யலைப் பேசாமல் திருப்பூரைப் பேசக் கூடாது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாகப் போய்க் கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேரும் ஆறு. பாசனத்துக்காக 1992இல் ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டினார்கள். அதே ஆண்டுகளில் மேலே சாயப்பட்டறைகள் பெருகின. அணையில் தேங்கியது சாயக்கழிவு. உப்பேறிய தண்ணீர் கிணறுகளுக்குள் இறங்கி, தென்னை காய்ந்து, கீழ்ப்பக்கத்து விவசாயிகள் சொந்த அணையைத் திறக்க வேண்டாம் என்று போராடினார்கள். தண்ணீருக்காக ஏங்கும் பூமியில் அணையைத் திறக்காதே என்று விவசாயி கேட்டது எனக்குத் தெரிந்து வேறெங்கும் நடக்கவில்லை.

வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே நாளில் நின்றன. துணி சேலத்துக்கும் ஈரோட்டுக்கும் வெளி மாநிலங்களுக்கும் லாரியில் போய்ச் சாயம் ஏறி வந்தது. பிறகு சொட்டுக் கழிவும் வெளியே விடாத முறைக்கு மாறிய பட்டறைகளே திறந்தன. சவ்வு வழியாக அழுத்தித் தண்ணீரைப் பிரித்தெடுத்துத் திரும்பச் சாயத்துக்கே விடுகிறார்கள், மிஞ்சும் உப்புநீரையும் மறுபடி பயன்படுத்துகிறார்கள், அதற்கும் மிஞ்சியதைக் கொதிக்க வைத்து உப்பாக்குகிறார்கள். இந்த அளவில் இதைச் செய்துகாட்டியது இந்தியாவில் திருப்பூர்தான் முதல். செலவு அதிகம், இந்தக் கட்டாயம் இல்லாத ஊர்களோடு விலையில் மோதவும் வேண்டும். எதற்கும் ஆகாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் கிடங்குகளில் கிடக்கிறது. ஆனாலும் வேறு வழியில்லை என்றே சொல்வேன். ஒரு ஊரின் கூலிக்காக இன்னொரு ஊரின் கிணற்றைக் கெடுக்க யாருக்கும் உரிமை கிடையாது.

வருமானம் அரசுக்கும் அப்படியொன்றும் கொட்டவில்லை. 2017க்கு முன்னால் வெளி மாநிலத்துக்குப் போகும் சரக்கின் மீது மத்திய விற்பனை வரி இருந்தது; செய்யும் மாநிலத்துக்கு அது வந்தது. ஜிஎஸ்டி வந்த பிறகு வரி சரக்கு போய்ச் சேரும் மாநிலத்துக்கு. கார் செய்வது இங்கே, அதன் மீதான மாநில வரி கார் வாங்குகிறவர் ஊரில். மத்திய வரியில் மாநிலங்களுக்குப் பிரிக்கும் தொகையில் பதினைந்தாவது நிதிக்குழு தமிழ்நாட்டுக்குக் கொடுத்த பங்கு 4.079 சதவீதம், நாட்டு மக்களில் நம் பங்கு ஆறு சதவீதம், பொருளாதாரத்தில் ஒன்பது சதவீதம் சுமாராக. இத்தனை ஆலைகள் உள்ள மாநிலத்தின் சொந்த வரியில் நான்கில் ஒரு பங்கு டாஸ்மாக்கிலிருந்து வருகிறது; 2024-25இல் 48 ஆயிரம் கோடிக்கு மேல். சனிக்கிழமைச் சம்பளம் எந்தக் கடை வாசலுக்குப் போகிறது என்பதை எந்தப் பனியன் கம்பெனி ஊரிலும் பார்க்கலாம். இதை எழுதும்போது எனக்கு மனசு கனக்கிறது.

ஆலைக்குப் போகும் அந்தப் பெண்களிடம் திரும்பி வருகிறேன். நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் மூன்று வருஷம் விடுதியில் அடைத்து, கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருவோம் என்று சொன்ன காலம் ஒன்று இருந்தது. இன்று செல்போன் ஆலைகளில் அதைவிட நல்ல சம்பளம், ஏ.சி. கூடம். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதியை 2024 ஆகஸ்டில் திறந்தார்கள், பெரும்பாலும் இந்தப் பெண்களுக்காக. பாதுகாப்பான படுக்கை பெரிய விஷயம்தான். ஆனால் சம்பளத்தைப் பற்றிப் பேச ஒரு சங்கம் வைத்துக்கொள்வது இன்னும் சுலபமாகவில்லை. 2024 செப்டம்பரில் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்ததில் முதல் கோரிக்கை, தங்கள் சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பது. அந்தச் சங்கம் பதிவானதே 2025 ஜனவரியில்தான்.

புது ஆலைகள் இப்போது வடக்கிலும் நடுவிலும் பின்தங்கிய மாவட்டங்களைத் தேடிப் போகின்றன. செய்யாறு, பெரம்பலூர், கள்ளக்குறிச்சி என்று காலணி ஆலைகள். பெரம்பலூர் எறையூர் வளாகத்தில் 2023 நவம்பரில் செருப்பு உற்பத்தி தொடங்கியது. மானாவாரிச் சோளமும் பருத்தியும் போட்டுக்கொண்டிருந்த ஊர்களில் இப்போது விடியற்காலை கம்பெனி பஸ் வந்து நிற்கிறது. பட்டணத்துக்குக் குடிபோகாமல், சொந்த வீட்டில் படுத்து, சொந்த ஊரிலிருந்து வேலைக்குப் போகிறார்கள். இது கோவையும் சிவகாசியும் தாமாகப் பெற்றதைத் திட்டம் போட்டுத் தர முயல்வது.

செய்யாற்றிலிருந்து ஆம்பூர் வெகு தூரமில்லை. தோலையும் ஷூவின் அடிப்பாகமான சோலையும் பல தலைமுறையாகத் தெரிந்த ஊர். ஆனால் புது ஆலைகள் செய்பவை பெரும்பாலும் தோல் இல்லாத ஷூக்கள். அவற்றுக்கான துணியும் பசையும் அச்சும் எங்கிருந்து வாங்க வேண்டும் என்பதைக் கடல் கடந்த பிராண்டே முடிவு செய்கிறது. அந்த ஆர்டரில் ஒரு பகுதி ஆம்பூரின் நாலு ஆள் பட்டறைக்கு வந்து சேருமா, வந்தால் 45 நாளில் காசும் வருமா என்பதைத்தான் நான் கவனித்துக்கொண்டிருக்கிறேன்.